வியன்னாவில் பிடித்து வைத்த நாற்காலி

அன்பு மகன் அஹ்சனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் ஜாலான் புசார் வீட்டில் நான் சுகம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உன் அக்கா முனீரா ஞாயிறுதோறும் ஜூரோங்கிலிருந்து வருவாள், பிள்ளைக்குப் பரீட்சை என்று இந்த வாரம் வரவில்லை. அவளுக்காக வாங்கிய இறைச்சி அப்படியே ஃப்ரிட்ஜில் கிடக்கிறது.

டிசம்பரில் மறுபடியும் வியன்னாவுக்கு வரச்சொல்லி, டிக்கெட் போட பாஸ்போர்ட் எண் கேட்டிருக்கிறாய். போன தடவை வந்ததைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்லிவைத்திருக்கிறேன். நீ அனுப்பிய குறிப்பைப் பார்த்தே விமான நிலையத்தில் ரயிலேறி, நடுவில் மாறி, உன் வாசல் வரைக்கும் தனியாக வந்து சேர்ந்தவள் நான். அந்த ஊர் ஸ்டேஷனில் தடுப்புக் கதவும் இல்லை, கார்டு தட்டவும் இடம் இல்லை, தட்டாமல் வெளியே நடப்பது நம் ஊர்க்காரிக்குத் திருடிவிட்டு நடப்பதுபோல் இருந்தது. டிராமில் ஊரைச் சுற்றினேன், அரண்மனை பார்த்தேன், எல்லாம் தனியாகத்தான். உன்னிடம் சொல்லாத ஒன்று. வேலை முடிந்து வருகிறேன் என்றாயே, அந்தக் காப்பிக்கடையில், நம் ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடைகளில் இடம் பிடிக்கிற பழக்கத்தில் எதிர் நாற்காலிக்கு நேரே டிஷ்யூ பாக்கெட்டை வைத்து உனக்கு இடம் பிடித்தேன். பரிமாறுகிறவர் குப்பை என்று எடுத்துப்போனார். இன்னொன்று வைத்தேன், அதையும் எடுத்தார். பிறகு யாராவது வருகிறார்களா என்று கேட்டார், மை சன் கமிங் லா என்றேன். அதற்குள் உன் செய்தி, மீட்டிங் முடியல, நீங்க சாப்பிட்டுட்டு டிராம்லயே வந்துடுங்க உம்மா என்று. பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

கோபமில்லை மகனே, உன் வேலை அப்படி. ஆனால் தனியாக உட்கார்ந்திருக்க அவ்வளவு தூரம் பறக்க வேண்டுமா, அதை இங்கேயே நன்றாகச் செய்கிறேனே. உன் வாப்பா மவுத்தான பிறகு அதில் நல்ல பழக்கம். ஒரு வாரம் லீவு போட்டால்தான் வருவேன் என்று கண்டிப்பாக எழுத நினைத்தேன். என் கண்டிப்பு உனக்குத் தெரியாதா, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு வந்துதான் எழுதவே உட்கார்ந்தேன். புது எண் வந்ததும் அனுப்புகிறேன்.

குளிரில் காதை மூடிக்கொள், அக்காவுக்குப் போன் செய். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. லீவை மறந்துவிடாதே. ஒரு வாரம் கிடைக்காவிட்டால் ஒரு சாயங்காலம் போதும், அன்றைக்கு மட்டும் நான் வருவதற்கு முன்னால் நீ வந்து உட்கார்ந்திரு.

உன் உம்மா,
கதீஜா