சரிவில் பார்த்த ஆயில்

செல்லக்கிளிக்கு,

போடிமெட்டிலிருந்து ஒச்சப்பன். நான் நல்ல சுகம். ஆத்தாவுக்கு இருமல் நின்றதா?

செவ்வாயன்று ஜீப்பைச் சரிவில் நிறுத்தியபடியே ஆயில் பார்த்தேன். அளவுக்கம்பியில் குறைவாகத் தெரிந்தது, தாராளமாக ஊற்றிவிட்டேன். வளைவு ஏறும்போது பின்னால் ஒரே புகை. “அண்ணே, வண்டி தீப்பிடிச்சிருச்சு!” என்று வண்டியில் வந்த ஏலக்காய் பறிக்கிற பெண்கள் கீழே குதித்துவிட்டார்கள்.

“தீயெல்லாம் இல்ல, ஆயிலுதான் கூடிப்போச்சு” என்றேன். ஒருவருக்கும் காயமில்லை, பயப்படாதே. ஏலக்காய் காயப்போடும் களம் ஒன்றுதான் இங்கே சமதளம். அங்கே நிறுத்தி அளந்தபோதுதான் சரியான அளவு தெரிந்தது; மிகுதியை வடித்தேன். மறுநாள் அதே வளைவில் அதே பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். இனி இந்த மலை என்னை ஏமாற்ற முடியாது.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரி கீழே இறங்க ஹார்ன் அடிக்கிறது. அளவுக்கம்பி துடைக்க உன் பழைய சேலைத்துணி ஒன்று கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

ஒச்சப்பன்