லயன் வீட்டுக்கு ஓர் ஆள்

தோட்டம், நீலாய்
5.2.1978

அன்புத் தங்கை மங்கம்மாவுக்கு அக்கா பஞ்சாலை எழுதுவது.

நலம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மாவுக்கு வலது பக்கம் முழுக்க இன்னும் மரத்துப்போய்த்தான் கிடக்கிறது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நான் காலையில் பெரட்டில் பேர் கொடுக்கக் கிளம்பினால், ரப்பர் மரம் வெட்டிப் பால் நிறுத்துத் திரும்பும்வரை பக்கத்து வீட்டு ராக்கம்மாவோடு சண்டை.

சங்கதி என்னவென்றால், எனக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பக்கத்து ஊர் ராசாவில் லாரி ஓட்டுகிறார், பெயர் சந்திரன். முதல் தாரம் தவறிவிட்டது, பிள்ளை இல்லை. பார்க்க வந்தவர் என் கையையே பார்த்தார். "பால்கறைதானே, தேச்சா போயிரும்லா" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவருடைய அம்மா, பெண் மட்டும் வந்தால் போதும், நோயாளியெல்லாம் கூட வரக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

உனக்குத் தெரியாததா? வீட்டுக்கு ஓர் ஆளாவது பெரட்டில் பேர் கொடுத்து வேலை செய்தால்தான் லயன் வீடு. நான் போய்விட்டால் மறுமாதமே காலிபண்ணு என்பான் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி. வேலை நிரந்தரமானதும் அம்மாவை அழைத்துக்கொள்கிறேன் என்று பினாங்குக்குப் பஸ் ஏறும்போது சொன்னாயே. சித்திரையில் கல்யாணம் வைக்கலாம் என்கிறார்கள். எப்போது வருகிறாய்?

அன்புடன்
பஞ்சாலை


பாயான் லெப்பாஸ், பினாங்கு
19.2.1978

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான் என்னை லைன் லீடராக்கினார்கள். நீளமான மேசையில் வரிசையாக உட்கார்ந்து எலக்ட்ரானிக் சில்லுக்குக் கம்பி ஒட்டுகிற பெண்களை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வேடிக்கை கேள். ஃபேக்டரியில் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. வாத்தியார் 'லைன்' என்று போர்டில் எழுதி, இதற்கு எத்தனை அர்த்தம் தெரியும் என்று கேட்டார். மலாய்ப் பெண் டெலிபோன் என்றாள். சீனப் பெண் மீன் பிடிக்கிற தூண்டில் கயிறு என்றாள். வாத்தியாரே அடுக்கிக்கொண்டு போனார்: கணக்கில் கோடு, பாட்டில் வரி, நாடகக்காரனுக்கு வசனம், பட்டாளத்தில் போர்முனை, ரயிலுக்குப் பாதை, முகத்தில் சுருக்கம், குடும்பத்தில் தலைமுறை. நான் நம் லயன் வரிசையை நினைத்து எழுந்து, வீடு என்றேன். "வீடா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். வகுப்பே சிரித்தது. எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. இனிமேல் அந்த வீட்டைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அம்மா விஷயம். ஓர் அறையில் ஆறு பெண்கள் படுக்கிறோம். அவரை எங்கே கிடத்துவேன்? இன்னும் இரண்டு வருடம் பொறு அக்கா. இத்தனை வயது பொறுத்தவளுக்கு அது ஒன்றும் பெரிதில்லை. வந்து பேசலாம் என்றாலும் இங்கே லீவு கிடையாது. சாவுத் தந்தியைக் காட்டினால்தான் கொடுப்பான்.

உன் தங்கை
மங்கம்மா


தோட்டம்
12.3.1978

மங்கம்மாவுக்கு,

உன் வாத்தியாரை ஒரு மழை நாளில் இந்த லயனில் வந்து படுத்துப் பார்க்கச் சொல். அப்புறம் சிரிக்கட்டும்.

தலைமுறையும் லைன்தான் என்று எழுதினாயே, அதில் அம்மா சேர்த்தியா இல்லையா? நான் ஆறாம் வகுப்போடு பால் வெட்டும் கத்தியைப் பிடித்தேன். நீ வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போனாய். அதற்காக உன்மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இருக்கிறது.

சந்திரனின் அம்மா மம்பாவில் வேறொரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாள். "எங்கம்மாவ என்னால தட்ட முடியாது பஞ்சாலை, நீதான் சீக்கிரமா ஒரு வழி பண்ணணும்" என்று அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இந்த ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், வா.

பஞ்சாலை


பினாங்கு
26.3.1978

அன்புள்ள அக்காவுக்கு,

மைலோ டின் இரண்டு அனுப்பியிருக்கிறேன், அம்மாவுக்குக் கலக்கிக் கொடு.

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம். அவர் மம்பாவ் பெண்ணையே கட்டிக்கொள்ளட்டும். பெற்றவளுக்குச் சேவை செய்கிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. உனக்குக் கிடைத்திருக்கிறது.

மங்கம்மா


தந்தி
19.4.1978

அம்மா தவறிவிட்டார். உடனே வரவும். பஞ்சாலை.


ராசா
24.4.1978

அன்புத் தங்கைக்கு,

நீ வந்து சேர்ந்துவிட்டாய் என்று ராக்கம்மா சொல்லியனுப்பினாள். கோபப்படாதே. தந்தி இல்லாமல் லீவு கொடுக்க மாட்டான் என்று நீதானே எழுதினாய்? நீ பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது இங்கே கோயிலில் எனக்குத் தாலி ஏறியது. காலையில் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். மார்க்கெட்டுக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

கிராணியிடம் எனக்குப் பதிலாக உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கத்தி அடுப்பு மேலே பலகையில் இருக்கிறது, தீட்டித்தான் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் கஞ்சியைச் சூடாகக் கொடுக்காதே, மெல்ல ஊட்டு. இரவில் புரட்டிப் படுக்க வை, இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும்.

பாக்கியம் உனக்கும் கிடைக்கட்டும். தீபாவளிக்கு அவரோடு வருகிறேன்.

பஞ்சாலை சந்திரன்


தோட்டம்
18.6.1978

அக்காவுக்கு மங்கம்மா எழுதுவது.

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். தீபாவளிக்கு நீ பலகாரத்தோடு வந்து நிற்பாயே என்று எழுதுகிறேன்.

அன்றைக்குக் கோடிச் சேலையோடு பஸ்ஸைவிட்டு இறங்கியதிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தேன். லயனே வெளியே ஓடிவந்தது. அம்மா வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார். என்னையும் கையிலிருந்ததையும் பார்த்தார். "கோடி யாருக்குடி?" என்று கேட்டார். ராக்கம்மாதான் தந்தியைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அம்மா கத்தவில்லை. சேலையை வாங்கி மடியில் விரித்துப் பார்த்தார். "நல்ல கலர்தான், தலமாட்டுல வையி" என்றார். அதற்குப் பிறகு ராக்கம்மாவோடு அவர் சண்டை போடவே இல்லை.

கஞ்சியை நீ சொன்னபடி ஆற்றித்தான் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டார். "பெரியவ கணக்குல நான் போய்ட்டேன்லா, பொணத்துக்கு எதுக்குடி கஞ்சி?" என்றார். அப்புறம் நாளுக்கு இரண்டு வாய்தான் வாங்கினார். ஃபேக்டரி லீவு முடிந்துபோயிற்று. அவரை அப்படிப் போட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை. லைனில் என் இடத்தில் வேறொருத்தியை உட்கார வைத்துவிட்டார்களாம். இப்போது பெரட்டில் என் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

போன மாதக் கடைசியில் அம்மா போய்விட்டார். கருமாதியும் ஆயிற்று. ராசாவுக்கு ஆள் அனுப்பலாம், அரை மணியில் வந்துவிடுவாள் என்று ராக்கம்மா அழுதாள். நான்தான் தடுத்தேன். நீ சொன்ன சாவுக்கு நான் வந்தேன். நடந்த சாவுக்கு நீ வர வேண்டாம் என்று நினைத்தேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

மங்கம்மா