மூன்றாவது ஆள்

ஜூன் 9, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை.

பதினோரு மணிக்கு சார் போன். என் பிஎச்.டி. கைடு. பட்டம் வாங்கி மூன்று வருடத்தில் அவராகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. பல்கலைக்கழகத்தில் அவருடைய கழிமுக ஆராய்ச்சிக்கு ஓர் ஆள் எடுக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ.

“பெனிட்டாவுக்குத்தான் கிட்டும், கேட்டியா. ஆனா மூணு பேராவது வரணும், இல்லேன்னா செல்லாது. ரெண்டு பேருதான் இருக்கு. நீ சும்மா வந்து கையெழுத்து போட்டுட்டு இரி நசீமா.”

“சரி சார்” என்றேன். எனக்கே என் மேல் எரிச்சல். அதே கழிமுகத்து நண்டுகள்தான் என் ஆய்வு. ஜூனியர் பெனிட்டாவுக்கு அங்கே வலை வைக்கக் காட்டிக் கொடுத்தவளும் நான்தான்.

ஜூன் 11, புதன்

விளம்பரம் முழுக்கப் படித்தேன். வயது வரம்பு 35. ஜூலையில் எனக்கு அது தாண்டுகிறது. கடைசி வாய்ப்பு, அதுவும் ஒப்புக்கு.

வாங்க: போட்டோ 2, உம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, கோதுமை மாவு.

பெனிட்டா போனில்: “அக்கா, கண்டிப்பா வருவியளா?” வருவேன் என்றேன். அவள் மேல் கோபமில்லை. அவளுக்கும் வேலை வேண்டுமே.

ஜூன் 13, வெள்ளி

அஞ்சரை பஸ். கொட்டுகிற மழை. உம்மா வாசலில்: “மோளே, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கொண்டு போ. கவருல சுத்தித் தாறேன்.”

“நனஞ்சிரும் உம்மா. சும்மா இருந்துட்டு வரத்தானே போறேன்.” ஜெராக்ஸ் மட்டும் எடுத்தேன்.

மூன்று பேர், மூன்று கையெழுத்து. நான் கடைசி. உள்ளே சாரோடு வெளியூர்ப் பேராசிரியை ஒருவர். ஏற்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது போல. என் ஆய்வைப் புரட்டிப் புரட்டிக் கேட்டார். எந்த மாதம் எந்த நண்டு முட்டையோடு வரும், உப்பு ஏறினால் எது முதலில் ஒதுங்கும். மற்றவர்களுக்குப் பத்து நிமிஷம், எனக்கு நாற்பது. சும்மா இருக்கத்தான் போனேன். வாய் நிற்கவில்லை.

“இந்த வேலை உங்களுக்கு வேணுமாம்மா?”

சார் மேசையைப் பார்த்தார்.

“வேணும் மேடம்.” மூன்று வருடமாக யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாதது.

“அப்போ ஒரிஜினல் குடுங்க. இன்னிக்கே பார்த்து முடிச்சிடலாம்.”

வீட்டில். மூன்று பஸ் தள்ளி. அவருக்கு நாலு மணிக்கு ரயில்.

அவர் சாரிடம் திரும்பினார். “நீங்கதானே கைடு? இவங்க பட்டம் வாங்கினது உங்களுக்குத் தெரியுமே, சொன்னா போதும்.”

“ரூல் ரூல்தான் மேடம். விளம்பரத்துலயே போட்டிருக்கு.”

போட்டிருந்தது. புதன்கிழமை நானே படித்த வரி.

ஜூன் 16, திங்கள்

மழை விட்டிருக்கிறது. பட்டியல் வந்தது: பெனிட்டா. அழுதுகொண்டே கூப்பிட்டாள். “நல்லா செய்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மத்தியானம் உம்மா என் ஒரிஜினல்களை ஒவ்வொன்றாகக் கவரில் போட்டு, நூல் கட்டி, அலமாரி மேல் தட்டில் வைத்தாள்.

“அடுத்த தடவ மறக்காம கொண்டு போவியா?”

வயது வரம்பு பற்றி உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

“ம்” என்றேன்.