அப்பாவின் முட்டிவலி மாத்திரை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நாங்களும் சுகம் என்று எழுதப் போனால் கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார், இது அவர் காதில் விழாமல் உனக்குச் சொல்ல வேண்டிய விஷயம்.

நம் மிளகு பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. பதிமூன்று வயது நாய் என்றால் கிழவிதானே, பின்னங்கால் பிடித்துக்கொண்டு வாசல்படி ஏறத் திணறியது, வயதானால் அப்படித்தான் என்று நான் விட்டுவிட்டேன். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. தனக்கும் மூட்டுவலி, அதற்கும் மூட்டுவலி என்று தன் மாத்திரையில் பாதியை உடைத்து ரொட்டிக்குள் வைத்து எனக்குத் தெரியாமல் தினமும் கொடுத்திருக்கிறார். முதலில் அது துள்ளிக்கொண்டு படியேறியது, "பாத்தியா, நான் நீவி விட்டதுல சரியாயிடுச்சு" என்று என்னிடம் பெருமை வேறு. அப்புறம் தட்டுப் பக்கமே போகவில்லை, ஒரே வாந்தி, கழிந்ததெல்லாம் தார் மாதிரி கறுப்பு, அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாய் டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நீங்க போடற மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா" என்று கேட்டார். அந்தப் பழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது என்று நான் அடித்துச் சொன்னேன். அப்பா சுவரில் மாட்டியிருந்த பூனைப் பல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு மெல்ல "நான்தாம்மா குடுத்தேன்" என்றார். டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. நம் வலி மாத்திரை நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடுமாம், அதற்கென்று தனி மருந்து இருக்கிறதாம், ரத்தம் பார்த்து எடைக்குத் தகுந்தாற்போல் கொடுப்பார்களாம். ட்ரிப் ஏறி முடியும்வரை ஊசி குத்திய காலை அப்பா விடவே இல்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது, கொஞ்சம் சாப்பிடுகிறது, ஆனால் சிறுநீரகம் பழையபடி ஆகாது, எத்தனை நாள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டரம்மா.

என் கவலை இப்போது நாயோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து அப்பா தன் மாத்திரையைத் தொடுவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், கேட்டால் "அது தாங்குதுல்ல, நானும் தாங்கறேன்" என்கிறார். டாக்டரம்மா கொடுத்த மருந்தை நான் நீட்டினால் மிளகு வாயை இறுக்கிக்கொள்கிறது. அப்பா மருந்துச் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்து, "இதுதானே, இதுதானே" என்று என்னிடம் காட்டிவிட்டு கையை நீட்டினால், முகர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கி விழுங்கிவிட்டு வாலாட்டுகிறது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்.

உன் பூனைக்கும் வயதாகிறது, மெலிந்தாலோ தண்ணீர் அதிகம் குடித்தாலோ வயசு என்று என்னைப்போல் விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டு, நம் காய்ச்சல் மாத்திரை பூனைக்கு விஷமாம், கிட்டேயே கொண்டுபோகாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உங்க முட்டி எப்படிப்பா இருக்கு என்று மட்டும் ஆரம்பி, மற்றதை அவரே சொல்லுவார். சொல்லும்போது, ஏன் குடுத்தீங்க என்று மட்டும் கேட்டுவிடாதே கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா