சிவப்பு ஸ்வெட்டரைத் தேடியவர்கள்

அருவங்காடு,
17.10.1995

அன்புள்ள வேலுமணி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். ஜபல்பூரில் உங்கள் இருமல் நின்றதா? வழக்கமாக 'மணி' என்று தொடங்குவேன். இம்முறை பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன். காரணம் கீழே வரும்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கூடலூர் போனேன். வெள்ளியன்று போனில் சொன்னேனே, அதே பயணம்தான். தோழி யூனிஸ் வீட்டில் இரவு தங்கல் என்பது அப்பாவுக்கும் தெரியும். நீங்கள் வாங்கி அனுப்பிய சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போவேன் என்பதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். துவைத்த ஸ்வெட்டர் தூறலில் காயவில்லை. அதனால் அண்ணனின் நீல மழைக்கோட்டையும் மங்கி குல்லாவையும் மாட்டிக்கொண்டு விடியலில் கிளம்பினேன்.

ஊட்டி வரை பாதி மிதித்தேன், பாதி தள்ளினேன். தலைகுந்தா டீக்கடையில், கிளாஸை நீட்டியவர் என்னைத் தாண்டிச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்தேன். பைக்காரா பாலத்துக்கு முன் ஒரு பஸ் என் பக்கத்தில் வேகம் குறைந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வெகுதூரம் பார்த்தார். விசில் கொடுத்துப் போய்விட்டார். பையன் என்று நினைத்திருப்பார். அதன்பின் காற்றடிக்கும் பம்பைக் கைக்கெட்டும்படி ஹேண்டிலில் கட்டிக்கொண்டேன். எதிரே வந்த ஜீப், பைன் மரத்தடியில் நின்ற இருவர், எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. சாலை அவ்வளவு அழகாக இருந்தது. நான் பார்த்ததெல்லாம் முகங்களைத்தான்.

நடுவட்டத்துக்குச் சற்று முன் பஞ்சர். சைக்கிளைப் பஞ்சர் ஒட்டும் கடையில் விட்டுவிட்டு, மூடுபனியில் நடந்தே போய் கனகமணி என்கிற அக்காவின் டீக்கடையில் குல்லாவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். பஸ்ஸில் வந்தவள் என்று நினைத்து அவரே கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, வர்ற வழியில செவப்பு சொட்டரு போட்ட புள்ள ஒண்ணு சைக்கிள்ல வந்துச்சுங்களா?"

எதற்கு என்றேன்.

"மருதாசலம் கண்டக்டரு சொல்லிப்போட்டுப் போனாருங்க. அவரு சிநேகிதரு ஜபல்பூர்ல இருக்காராமா, தையில கண்ணாலமாமா. அந்தப் புள்ள தனியா வருதா, கூட ஆராச்சும் வர்றாங்களான்னு பாத்துச் சொல்லோணுமாம்."

பெஞ்சில் இருந்த பெரியவர் சிரித்தார். "நம்மூட்டுப் புள்ளையா இருந்தா, சைக்கிள வெச்சுக்க சாமி, மாப்பிள்ளைய மாத்துன்னு சொல்லியிருப்பேன்" என்றார். கனகமணி அக்கா விடவில்லை. "இப்பவே இப்பிடின்னா, கட்டுன பொறவு சட்டிக்குள்ள என்ன வேகுதுன்னு பாக்க ஒரு ஆளு வெப்பானுங்க."

நானும் சிரித்தேன். அப்படி ஒரு பெண்ணைப் பார்க்கவில்லை என்றேன். தனியாக வந்தால் என்ன சொல்வீர்கள் என்றும் கேட்டேன். "தனியான்னுதான் சொல்லோணும். ஆனா நம்புறவனா இருந்தா கேட்டிருப்பானுங்களா?" என்று அடுத்த கிளாஸைக் கழுவப் போனார்.

இந்தச் சாலையில் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அது கடைக்குக் கடை போய்ச் சேரும் என்பது எனக்கும் தெரியும். யூனிஸின் அம்மாவுக்கு நானே அப்படி மருந்து கொடுத்துவிட்டிருக்கிறேன். என்னைப் பற்றிய கேள்வியும் அதே வழியாக எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

கூடலூர் இறக்கத்தில் பிரேக் கட்டைகள் சூடாகி ரப்பர் நாற்றம் அடித்தது. வளைவுக்கு வளைவு இறங்கி நின்றேன். நிற்கும்போதெல்லாம் உங்களுக்காக வாதாடிப் பார்த்தேன். பத்திரமாக வருகிறாளா என்று நீங்கள் கேட்டிருக்கலாம். வாய் மாறி வாய் போனதில் கேள்வி திரிந்திருக்கலாம். நடுவட்டத்தில் பனி, மழை, பஞ்சர் எதைப் பற்றியும் யாரும் விசாரிக்கவில்லை என்பதுதான் இடிக்கிறது. அடுத்த வளைவில் வாதம் தோற்றுவிடும்.

யூனிஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சைக்கிளை மேலே ஏற்றி பஸ்ஸில் திரும்பினேன். மருதாசலம் இல்லாத வண்டியா என்று பார்த்துத்தான் ஏறினேன். பாருங்கள், எனக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

'பார்க்கவில்லை' என்ற பதில் உங்களுக்கு வந்திருந்தால், அது நான் சொன்னதுதான். நீங்கள் மருதாசலத்திடம் கேட்ட வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். அழகாக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அடிக்க அப்பா கோவை போவதாக இருந்தார். தீபாவளி கழியட்டும் என்று நிறுத்தியிருக்கிறேன். ஏன் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

ஸ்வெட்டர் காய்ந்துவிட்டது. மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் பதிலைப் படித்த பிறகு அதைப் போட்டுக்கொள்ள எனக்கு மனம் வர வேண்டும்; அதையே சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், இருமலோடு வெளியே போகாதீர்கள்.

தனியே போய்த் தனியே திரும்பிய,
சாந்தாமணி