ரோஜாவுக்குக் கீழே என் இடது கன்னம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வழக்கமாக எழுதும் சுகம் இல்லை இது, நிஜமான சுகம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் விரல் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உறையில் உன் விலாசம் எழுதி ஒட்டினால் அது உன் வீட்டுக்குத்தான் வரும். போன் அப்படியா? இரண்டு குடும்பமும் இருக்கும் குரூப்பில், சம்பந்தி போட்ட காலை வணக்க ரோஜாவுக்குக் கீழே, என் இடது கன்னத்தின் உட்புறம் செக்கச்செவேல் என்று வந்து நின்றதே! உன் நாத்தனார் கையெடுத்துக் கும்பிடும் படம் போட்டாள். எதைக் கும்பிட்டாள் என்று இன்றுவரை விளங்கவில்லை. பதறிப்போய் அழித்தேன். அழிந்தும் போனது. என் போனில் மட்டும் அழிந்தது என்று நீ கூப்பிட்டுச் சிரித்த பிறகுதான் தெரிந்தது. பல்லுக்காக எடுத்த படம் என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அது பாதிக் கதைதான். மீதியை இதில் எழுதுகிறேன். மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்த பிறகு அவருக்கும் காட்டு.

எங்கள் பஸ் டெப்போவுக்கு ஒரு நர்ஸ் வந்தார். புகையிலை போடுகிறவர்கள் வாயை எல்லாம் போனில் படம் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாராம். கேன்சருக்கான அறிகுறி ஏதாவது தெரிந்தால் மட்டும் டாக்டர் நேரில் கூப்பிடுவாராம். டயர் செக்‌ஷனில் முதல் ஆளாக என்னைத்தான் தள்ளிவிட்டார்கள். கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டே டயருக்குக் காற்றுப் பிடிப்பவன் வேறு யார்? பழைய டயர் மேல் உட்கார வைத்து, நாக்கைத் தூக்கு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று எடுத்தார். இடது கன்னத்தில் குச்சியை வைத்ததும் எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. நெளிந்தேன், சிரித்தேன், படம் கலங்கிப் போனது. அங்கே ஏதோ வெள்ளையா தெரியுதுங்க, வீட்டுல வெளிச்சத்துல எடுத்து அனுப்புங்க என்று நம்பர் கொடுத்தார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை சமையலறை ஜன்னலோரம் உன் அம்மா கரண்டிக் காம்பால் என் கன்னத்தை இழுத்துப் பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த கோபம் முழுவதையும் அந்தக் காம்பில் காட்டினாள். படம் எடுத்ததும் அனுப்பினேன். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியின் ரோஜா வந்து, குரூப் நர்ஸ் நம்பருக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான் கவனிக்காமல் அதிலேயே அழுத்திவிட்டேன். நர்ஸுக்குப் பிறகுதான் போனது.

சாயங்காலம் சம்பந்தி கூப்பிட்டார். உனக்குத் தெரியுமே, கல்யாணம் ஆனதிலிருந்து பஸ் நேரத்தையும் வெயிலையும் தவிர அவர் என்னிடம் வேறெதுவும் பேசியதில்லை. நன்றாக வாங்கப்போகிறேன் என்று நினைத்து எழுந்து நின்றுகொண்டே பேசினேன். அவரோ குரலைத் தாழ்த்தி, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இந்த மாதிரி படம் எடுக்க முடியுமா சம்பந்தி என்றார்.

தெரிந்த ஒருத்தர் மறுநாள் டெப்போவின் பின்வாசலில் வந்து நின்றார். சம்பந்தியேதான். இஸ்திரி போட்ட சட்டை, வாயில் எப்போதும் போல ஏலக்காய் வாசம். பெரிய மனிதர்களுக்கு வாயே இப்படித்தான் மணக்கும்போல என்று நான் இத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கிறேன். நர்ஸ் ஏலக்காயைத் துப்பச் சொன்னார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் வெகுகாலமாகப் புகையிலை போடுகிறாராம், ஏலக்காய் அதை மறைக்கத்தானாம். டயர் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். என்னைப் போல நெளியவில்லை. சிலை மாதிரி வாயைத் திறந்தார்.

எனக்கு வந்த பதில் எளிது. உடைந்த கடைவாய்ப்பல் உராய்ந்து வந்த வெள்ளை. பல்லைத் தேய்த்துச் சமப்படுத்தினார்கள், தானாக மறைந்துவிட்டது. சம்பந்தியை உடனே வரச் சொன்னார்கள். கூட வரீங்களா என்று கேட்டார். பதிவு செய்யும் இடத்தில் கூட வந்தவர் என்ன உறவு என்று கேட்டார்கள். கொஞ்சம் யோசித்து, தம்பி என்றார். அவரைவிட நான் மூத்தவன். ஆனாலும் திருத்தவில்லை.

சதையில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களில்தான் குரூப்பில் பூ வரவில்லை. மாமா ஏன் பூ போடறதில்லை என்று நீகூடக் கேட்டாய். போன் ரிப்பேர் என்றேன். தினமும் காலையில் அந்தக் குரூப்பைத் திறந்து திறந்து மூடினேன் அம்மா. இவ்வளவு நாளும் பார்க்காமலே தள்ளிவிட்ட பூக்கள் அவை.

கேன்சர் இல்லை. விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். அடிக்கடி போய்க் காட்ட வேண்டும், புகையிலையைத் தொடவே கூடாது. முடிவைக் கேட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்த சம்பந்தி வாசல்வரை விடவில்லை. அன்றைக்கே சம்பந்தியம்மாவிடம் அழாக்குறையாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வீட்ல ஏலக்காய் தீர்ற வேகத்தைப் பார்த்தா எனக்குத் தெரியாதா, கேன்சர் பயம்தான் தெரியாமப் போச்சு என்று அந்தம்மா அழுதார்கள். நேற்று காலை சூரியகாந்தி வந்ததே, பார்த்தாய் அல்லவா?

மகனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நீங்களே எழுதிடுங்க சம்பந்தி என்றார். மாப்பிள்ளை கோபப்படாமல் கூப்பிடட்டும். தையல் இன்னும் ஆறவில்லை, அதிகம் பேச வைக்க வேண்டாம். நானும் புகையிலையை விட்டுவிட்டேன். தினமும் காலையில் சம்பந்தி கூப்பிட்டு, கன்னத்துல என்ன இருக்கு என்று கேட்கிறார். காற்று என்கிறேன்.

இருவரும் நீண்ட ஆயுளோடு, நல்ல பற்களோடு இருங்கள். இனி எழுதுவதை நீங்கள் இரண்டு பேரும் உங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும், இது அப்பா கேட்டுக்கொள்வது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது சம்பந்தி மெதுவாகச் சொன்னார். என் பழக்கம் உங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. என் மானம் போகாம எனக்குப் புரிய வைக்கணும்னு உங்க வாயையே எல்லார் முன்னாடியும் காட்டினீங்க. இந்த மனசு யாருக்கு வரும் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீடு வரும்வரை நாக்கு நுனியில் நின்றது, சொல்லவே இல்லை: சம்பந்தி, அது கை தவறி வந்தது.

பல் தேய்த்து மீண்ட,
உன் அப்பா