கண் இல்லாத கிறிஸ்தோபர்

மே 11, ஞாயிறு

கட்டுப் பிரித்தாயிற்று. எழுதினால் விரல் சீக்கிரம் தேறுமாம், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறது. இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்?

சுங்கை லாலாங் வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கியபோது உடைந்தது மணிக்கட்டு மட்டும்தானா? பதினெட்டு வருடமாகக் கோயில் கோபுரங்களில் ஏறி இறங்குகிறோம். சுதை உருவம் செய்வது என் வீட்டுக்காரர் நடராஜா. வர்ணம் என் வேலை. கடைசியில் கண் தீட்டித் திறப்பதும் நான்தான். இப்போது தூரிகையை எடுத்தாலே கை உதறுகிறது. ஆவணியில் யான் ஊர் அம்மன் கோயில் கும்பாபிஷேகம். "கண்ணு தொறக்க வேற ஆள் பாக்கட்டுமாம்மா?" என்று கோயில் தலைவர் பிச்சை அண்ணன் போனில் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மே 24, சனி

எதிர்வீட்டு நவமணி அக்கா வந்தார். அவர் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவர். ஜூலையில் அங்கே வாகனங்களை மந்திரிப்பார்களாம். வருகிற ஓட்டுநர்களுக்குக் கொடுக்க நாற்பது படம் வேண்டுமாம். போனில் ஒன்றைக் காட்டினார். ஜெர்மனி பக்கம் ஐந்நூறு, அறுநூறு வருடத்துக்கு முன் அச்சடித்தது. வாட்டசாட்டமான ஒரு ஆள் தடியூன்றி ஆற்றைக் கடக்கிறார், தோளில் குழந்தை இயேசு. புனித கிறிஸ்தோபர்.

"காலைல இவரு மொகத்தப் பாத்தா அன்னிக்கு துர்ச்சாவு வராதுன்னு அந்தக் காலத்துல நம்புனாங்க. கடையில பிரிண்ட் எடுத்தா யாரு மதிப்பா லா? அவங்க செஞ்ச மாதிரியே செஞ்சு குடுங்க."

செய்முறையையும் சொன்னார். பலகையில் கோடு மட்டும் மேடாக நிற்கும்படி மற்றதையெல்லாம் செதுக்கி எடுத்துவிட வேண்டும். கோட்டில் மை ஒற்றி, ஈரக் காகிதத்தைப் பரப்பி, அதன் முதுகைத் தேய்த்தால் படம் விழும். வர்ணம் பிறகு, கையால்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கியின் சிவப்பு ஆற்றுக்குள் வழிந்திருக்கிறது, புல்லின் பச்சை அவர் காலில் ஏறியிருக்கிறது. சந்தையில் விற்கிற படம், அவசர அவசரமாகத் தீட்டியிருக்கிறார்கள். நான் இப்படித் தீட்டினால் பிச்சை அண்ணன் சாரத்தை உலுக்கியே இறக்கிவிடுவார்! ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். இந்த அளவுக்கு என் கை போதும். சரி என்றேன்.

ஜூன் 14, சனி

ரப்பர் மரப் பலகையில் வீட்டுக்காரர் செதுக்குகிறார். இடம் வலமாகத் திருப்பிச் செதுக்கச் சொல்லி நச்சரித்தேன். இல்லாவிட்டால் குழந்தை இடக்கையால் ஆசி கொடுக்குமே!

ஜூலை 13, ஞாயிறு

முதல் படம் எடுத்தோம். தாடி, தடி, மீன், அலை, எல்லாம் அச்சாக விழுந்திருக்கிறது. கண் இல்லை. பெரியவருக்கும் இல்லை, குழந்தைக்கும் இல்லை. அந்த இடத்தைச் சுத்தமாகத் தோண்டி எடுத்திருக்கிறார்.

"கண்ணு எங்கங்க?"

"அது நீதானே தொறப்ப?"

"ஐயோ, இது சுதையா? பலகையிலயே இருக்கணுங்க!"

அவர் முகம் செத்துப் போயிற்று. "நான் என்னிக்கு கண்ணு வெச்சிருக்கேன், ரமணி?"

புதுப் பலகை செதுக்க நாள் இல்லை. மார்க்கர் பேனாவால் புள்ளி வைக்கட்டுமா என்று வேறு கேட்கிறார். பாவி மனுஷன்! நாப்பது படத்துக்கும் நான்தான் கண்ணு வெக்கணுமா? இந்தக் கைய வெச்சுக்கிட்டா? என் கை ஒடைஞ்சதே மறந்துபோச்சா இவருக்கு — கத்தித் தீர்த்துட்டேன். அழுதேன்.

ஜூலை 16, புதன்

வர்ணம் முடிந்தது. சிவப்பு தாராளமாக வழிந்திருக்கிறது, அதுவே அழகு. கண் பக்கம் போகவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மூன்று படம் பாழ். ஒன்றில் கிறிஸ்தோபருக்கு மாறுகண். வீட்டுக்காரர் சத்தமில்லாமல் புதிதாக மூன்று அடித்து வைத்தார்.

நாலாவதில்தான் கவனித்தேன். காகிதத்தைத் தொடும்வரைதான் கை நடுங்குகிறது. தொட்டுவிட்டால் நின்றுவிடுகிறது. இத்தனை நாளும் நடுங்குகிறதே என்று தொடுவதற்கு முன்னாலேயே தூரிகையைக் கீழே வைத்திருக்கிறேன், மடச்சி.

சாயங்காலத்துக்குள் பதினொரு படத்துக்குக் கண் வைத்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

மாதா கோயில் வாசலில் மந்திரிக்க வந்த வண்டிகள், ஒரே கெரேத்தாவும் லோரியுமாக நின்றன. நம் சாமி கும்பிடுகிறவர்களும் வந்திருந்தார்கள். புவனேஸ்வரன் என்கிற லோரிக்காரத் தம்பி படத்தைக் கையில் வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து பார்த்தது.

"எங்க போனாலும் என்னையவே பாக்குறாரு லா, அக்கா."

வீட்டுக்கு வந்ததும் பிச்சை அண்ணனுக்குப் போன் போட்டேன். வேறு ஆள் வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

யான். சாரத்தின் உச்சியில் நல்ல காற்று. அம்மனுக்குப் புடவை, நகை, உதடு எல்லாம் நேற்றே தீட்டி முடித்துவிட்டேன். கண் இருக்க வேண்டிய இடத்தை அவர் வழக்கம்போல வழவழவென்று வெறுமையாக விட்டிருந்தார்.

திட்டவில்லை. மெல்லிய தூரிகையை எடுத்துத் தரச் சொன்னேன்.